வாகனப் பழுதுபார்ப்புத் தகராறுகளும் ஒப்படைப்புச் சட்டமும்

பழுதுபார்ப்பதற்காகப் பட்டறையில் விடப்பட்ட வாகனம் அங்கே சேதமடைந்தால் அந்த இழப்பை ஏற்க வேண்டியவர் யார்? வாகன உரிமையாளருக்கும் பட்டறைக்காரருக்கும் இடையே நாள்தோறும் எழும் கேள்வி இது. மோட்டார் வாகனம் இந்தியாவுக்கு வந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தரும் சட்டம் அதைவிட மூத்தது. பிராந்திப் பீப்பாய், சவாரிக் குதிரை, பட்டை தீட்டக் கொடுத்த வைரம், கோட்டு தைக்கக் கொடுத்த துணி ஆகியவற்றுக்காக வகுக்கப்பட்ட விதிகளே இன்று காருக்கும் ஆட்டோவுக்கும் இருசக்கர வாகனத்துக்கும் பொருந்துகின்றன. இந்த விதிகள் உருவான வரலாற்றையும் இந்தியாவில் அவை அடைந்த மாற்றங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தகராறின் இயல்பு

உரிமையாளர் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுச் செல்கிறார். மாலையில் திரும்பி வரும்போது பம்பரில் கீறல் இருக்கிறது. அல்லது கதவு நசுங்கியிருக்கிறது. அல்லது டேங்கில் இருந்த பெட்ரோல் குறைந்திருக்கிறது. சில வேளைகளில் புது பாட்டரி இருந்த இடத்தில் பழையது இருக்கிறது. "வண்டி வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்கிறார் மெக்கானிக். "நான் விட்டபோது நன்றாக இருந்தது" என்கிறார் உரிமையாளர்.

இத்தகைய தகராறுகளை நான்காகப் பிரிக்கலாம். வேலை சரியாகச் செய்யப்படாததால் வரும் சேதம் முதல் வகை. வேலைக்குத் தொடர்பில்லாமல், வாகனம் பட்டறையின் காவலில் இருக்கும்போது ஏற்படும் சேதம் இரண்டாம் வகை. வாகனமோ அதன் பாகங்களோ காணாமல் போவது மூன்றாம் வகை. கட்டணத்தில் உடன்பாடு ஏற்படாமல் பட்டறைக்காரர் வாகனத்தைத் தர மறுப்பது நான்காம் வகை.

இவை அனைத்துக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. சேதம் ஏற்பட்ட நேரத்தில் உரிமையாளர் அங்கு இல்லை. நடந்ததை அறிந்தவர்கள் பட்டறையில் இருந்தவர்கள் மட்டுமே. அறியாதவர் நிரூபிக்க வேண்டுமா, அறிந்தவர் விளக்க வேண்டுமா என்பதே இத்துறைச் சட்டத்தின் அடிப்படைக் கேள்வி.

பிராந்திப் பீப்பாய் வழக்கு

ஒரு பொருளை ஒரு நோக்கத்துக்காக மற்றொருவரிடம் கொடுப்பதும், நோக்கம் நிறைவேறியபின் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் 'ஒப்படைப்பு' எனப்படும். கொடுப்பவர் ஒப்படைப்பவர், வாங்கிக்கொள்பவர் ஒப்படைப்புப் பெறுபவர். பொருளின் உடைமை மட்டுமே கைமாறுகிறது, உரிமை மாறுவதில்லை.

ஆங்கிலச் சட்டத்தில் இக்கருத்துக்குத் தெளிவான வடிவம் தந்தது 1703-இல் தீர்ப்பான காக்ஸ் எதிர் பெர்னார்ட் வழக்கு. லண்டனில் பெர்னார்ட் என்பவர் காக்ஸுக்குச் சொந்தமான பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து மற்றொரு நிலவறைக்குக் கொண்டுசென்று வைப்பதாக ஏற்றுக்கொண்டார். கவனக்குறைவால் பீப்பாய் உடைந்து பிராந்தி கொட்டிப்போனது. இதற்காகத் தாம் கூலி எதுவும் வாங்கவில்லை என்பதே பெர்னார்ட் தரப்பின் வாதம். தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட்டும் உடனிருந்த நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. ஒரு பொருளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் கவனக்குறைவாக நடந்தால் அந்த இழப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தனர்.

ஹோல்ட் தம் தீர்ப்பில் ரோமானியச் சட்டத்தைத் துணைக்கொண்டு ஒப்படைப்பை ஆறு வகைகளாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்று, கூலிக்கு வேலை செய்வதற்காகப் பொருளைக் கொடுப்பது. இன்றைய பட்டறையில் வாகனத்தை விடுவது இந்த வகையைச் சேர்ந்தது.

வில்லியம் ஜோன்ஸும் 1872-ஆம் ஆண்டுச் சட்டமும்

ஹோல்ட்டின் வகைப்பாட்டை விரிவாக ஆராய்ந்து 1781-இல் ஒப்படைப்புச் சட்டம் பற்றித் தனி நூல் எழுதியவர் சர் வில்லியம் ஜோன்ஸ். இவரே 1783-இல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக இந்தியா வந்து, 1784-இல் ஆசியச் சங்கத்தை நிறுவியவர். இந்திய மாணவர்கள் இவரை மொழியியல் அறிஞராகவே அறிந்திருக்கிறார்கள். யாருக்கு நன்மை என்பதைப் பொறுத்து ஒப்படைப்பில் காட்ட வேண்டிய கவனமும் கூடும், குறையும் என்பது ஜோன்ஸின் கருத்து. இரவல் வாங்கியவர் மிகுந்த கவனம் காட்ட வேண்டும். இலவசமாகப் பாதுகாத்துத் தருபவர் சிறிதளவு கவனம் காட்டினால் போதும்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்தப் படிநிலைகளைக் கைவிட்டது. அச்சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயம், 148 முதல் 181 வரையுள்ள பிரிவுகளில், ஒப்படைப்பைப் பற்றிப் பேசுகிறது. கூலி உண்டோ இல்லையோ, எல்லா ஒப்படைப்புகளுக்கும் ஒரே அளவுகோலை 151-ஆம் பிரிவு வகுத்தது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்பதே அது. அந்தக் கவனத்தைக் காட்டியும் பொருள் சேதமடைந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை, பொறுப்பு இல்லை என்கிறது 152-ஆம் பிரிவு.

வாகனத் தகராறுகளில் பயன்படும் மேலும் சில பிரிவுகள் உண்டு. 150-ஆம் பிரிவின்படி, ஒப்படைப்பவர் தமக்குத் தெரிந்த குறைகளைச் சொல்லிவிட வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்தும் சொல்லாமல் வண்டியை விட்டு, அதனால் மெக்கானிக்குக்கு அடிபட்டால் உரிமையாளரே இழப்பீடு தர வேண்டியிருக்கும். 161-ஆம் பிரிவு காலதாமதம் பற்றியது. பட்டறைக்காரரின் தவறால் உரிய நேரத்தில் பொருள் திருப்பித் தரப்படாவிட்டால், அந்த நேரம் முதல் அதற்கு ஏற்படும் எந்த இழப்புக்கும் அவரே பொறுப்பு.

குதிரையிலிருந்து காருக்கு

154-ஆம் பிரிவு தனியே கவனிக்கத்தக்கது. ஒப்படைத்த நோக்கத்துக்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தினால், அப்பயன்பாட்டின்போது நேரும் சேதம் அனைத்துக்கும் பயன்படுத்தியவரே பொறுப்பு என்கிறது அப்பிரிவு. சட்டமே இதற்கு எடுத்துக்காட்டுகள் தருகிறது. ஒருவர் காசிக்குச் செல்வதற்கென்று சொல்லிக் கல்கத்தாவில் ஒரு குதிரையை வாடகைக்கு எடுக்கிறார். ஆனால் கட்டாக்குக்குச் செல்கிறார். கவனமாகவே ஓட்டினாலும் குதிரை தற்செயலாக விழுந்து காயமடைகிறது. அவர் இழப்பீடு தர வேண்டும். கவனமாக ஓட்டினேன் என்ற வாதம் அங்கே எடுபடாது.

குதிரை இருந்த இடத்தில் காரை வைத்தால் இவ்விதியின் இன்றைய பொருள் புரியும். பிரேக் சரிபார்த்தபின் தெருவில் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி. அதே வண்டியில் பட்டறைப் பையன் மதியச் சாப்பாடு வாங்கச் சென்றால் அது நோக்கத்துக்கு மாறான பயன்பாடு. அந்தப் பயணத்தில் எதிரே வந்த வண்டியின் தவறால் மோதல் நேர்ந்தாலும், உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பட்டறைக்காரர். ஓடிய கிலோமீட்டர் அளவு தகராறுகளில் முக்கியச் சான்றாவது இதனால்தான்.

தொழில் வரலாறும் இதே பாதையில் சென்றது. சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் 1840-இல் தொடங்கிக் குதிரை வண்டிகள் கட்டி வந்தது. பின்னர் மோட்டார் தொழிலுக்கு மாறியது. 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனமும் போக்குவரத்திலிருந்து வாகன விற்பனை, பழுதுபார்ப்பு, உதிரிபாகம் என விரிந்தது. 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளில் மோட்டார் வாகனச் சட்டங்கள் வந்தன. பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு, விபத்து இழப்பீடு ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. பட்டறைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான உறவோ பழைய 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே தொடர்ந்தது.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது

பொதுவாக வழக்கு தொடுப்பவரே தம் குற்றச்சாட்டை நிரூபிக்க வேண்டும். ஒப்படைப்பு வழக்குகளில் இவ்விதி பாதி வழியில் திரும்பிவிடுகிறது. வாகனத்தை ஒப்படைத்ததையும், ஒப்படைத்தபோது அது இருந்த நிலையையும், திரும்பக் கிடைத்தபோது இருந்த நிலையையும் உரிமையாளர் காட்டினால் போதும். தம் தரப்பில் கவனக்குறைவு இல்லை என்று காட்டும் பொறுப்பு அதன்பின் பட்டறைக்காரரைச் சேர்கிறது. ஒருவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த செய்தியை அவரே நிரூபிக்க வேண்டும் என்ற இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவும் இதற்குத் துணை நின்றது. அதே கொள்கை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

இங்கிலாந்தில் 1965-இல் மோரிஸ் எதிர் மார்ட்டின் வழக்கு இதைத் தெளிவாக்கியது. வெளுப்பதற்குக் கொடுத்த விலையுயர்ந்த மென்மயிர் ஆடையைச் சலவை நிறுவனத்தின் ஊழியரே திருடிவிட்டார். ஊழியர் செய்த குற்றத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்றது நிறுவனம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொருளைப் பாதுகாக்கும் வேலை யாரிடம் தரப்பட்டதோ அவரே திருடினால் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்றது.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று நேரடியாக வாகனங்களைப் பற்றியது. ஜூனாகத் சமஸ்தானத்தின் சுங்க அதிகாரிகள் 1947-இல் இரண்டு லாரிகளையும் ஒரு ஸ்டேஷன் வேகனையும் பறிமுதல் செய்தனர். காவலில் இருந்தபோது அவை கவனிப்பாரற்றுக் கிடந்தன. பாகங்கள் களவு போயின. பிறகு உரிமை கோரப்படாத பொருள் என்று அவை விற்கப்பட்டன. பறிமுதல் ஆணை பின்னர் ரத்தானபோது உரிமையாளர் வாகனங்களைக் கேட்டார். திருப்பித் தர வாகனம் இல்லை. தங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று குஜராத் அரசு வாதிட்டது. ஒப்பந்தம் இல்லாமலும் ஒப்படைப்பு உறவு உண்டாகலாம், அரசும் அந்நிலையில்தான் இருந்தது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வாகனத்தைக் காவலில் வைத்திருப்பவர் யாராயினும் கவனம் காட்டக் கடமைப்பட்டவர் என்பது இதனால் உறுதியானது.

இவ்விதி பட்டறைக்காரரைக் காப்பாற்றும் இடமும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்தபோது ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய பேரிடரில் பட்டறையில் நின்ற வாகனம் மூழ்கியது என்பதால் மட்டுமே பட்டறைக்காரர் குற்றவாளி ஆகமாட்டார். நீர் ஏறுவது தெரிந்தபின் வாகனத்தை மேடான இடத்துக்கு மாற்ற வாய்ப்பு இருந்ததா, தம் சொந்த வாகனத்தை மட்டும் மாற்றினாரா, உரிமையாளருக்குத் தகவல் சொன்னாரா என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

பட்டறைக்காரரின் பற்றுரிமை

வேலைக்குரிய கூலி கிடைக்கும்வரை பொருளைத் திருப்பித் தராமல் வைத்திருக்கும் உரிமை 'பற்றுரிமை' எனப்படும். ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இதைத் தருகிறது. வைரத்தைப் பட்டை தீட்டிய கைவினைஞர் கூலி பெறும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று மாதக் கடன் தருவதாக ஒப்புக்கொண்டு கோட்டு தைத்த தையற்காரருக்கு அவ்வுரிமை இல்லை. இவ்விரண்டும் சட்டத்திலேயே உள்ள எடுத்துக்காட்டுகள்.

இந்த உரிமைக்கு எல்லைகள் உண்டு. உழைப்பும் திறனும் செலுத்திச் செய்த வேலைக்கு மட்டுமே அது பொருந்தும். அவ்வேலையும் ஒப்படைத்த நோக்கத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஆயில் மாற்ற விட்ட வண்டியில் கேட்காமலே கிளட்ச் மாற்றிவிட்டு அதற்காக வண்டியைப் பிடித்துவைப்பது இப்பிரிவுக்குள் அடங்காது. முன்பு வேறொரு வண்டிக்குச் செய்த வேலையின் பாக்கிக்காகவும் இப்போதைய வண்டியைப் பிடித்துவைக்க முடியாது. அத்தகைய பொதுப் பற்றுரிமையை 171-ஆம் பிரிவு வங்கியர் முதலிய சிலருக்கு மட்டுமே இயல்பாகத் தருகிறது. மற்றவர்கள் அதற்கென ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். 170-ஆம் பிரிவு வைத்திருக்கும் உரிமையைத் தருகிறதே தவிர, விற்கும் உரிமையைத் தரவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டால் இந்த உரிமையும் போய்விடும். பிறகு கூலிக்கு வழக்குத்தான் போட வேண்டும்.

இதைப் பட்டறைக்காரரின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். சிறு பட்டறைக்காரர் உதிரிபாகங்களைத் தம் பணத்தில் வாங்கிப் போட்டிருப்பார். டிங்கரிங் செய்தவருக்கும் பெயிண்டருக்கும் அன்றைய கூலியைக் கொடுத்திருப்பார். வண்டி கையை விட்டுப் போனபின் பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு பிடிமானம் இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1986

இவ்வளவு விதிகள் இருந்தும் கீறல் விழுந்த கதவுக்காக நீதிமன்றம் சென்றவர்கள் அரிது. உரிமையியல் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், பல ஆண்டுக் காத்திருப்பு ஆகியவை தேவைப்பட்டன. இழப்பைவிடச் செலவு பெரிதாக இருந்தது. சட்டம் உரிமையாளருக்குச் சாதகமாக இருந்தாலும் அவர் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போவதே வழக்கமாயிற்று.

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த டிசம்பர் 24 இன்றும் தேசிய நுகர்வோர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று அடுக்கு மன்றங்கள் அமைந்தன. 'சேவைக் குறைபாடு' என்ற கருத்து சட்டத்தில் இடம்பெற்றது. வழக்கறிஞர் இல்லாமல் நுகர்வோரே வாதாட முடிந்தது. பட்டறை வேலை கட்டணத்துக்குச் செய்யப்படும் சேவை என்பதால் அது இச்சட்டத்துக்குள் வந்தது.

வாகனத்தை வைத்துப் பிழைப்பவர் நுகர்வோரா, வணிகரா என்ற கேள்வி எழுந்தது. வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்குபவரை இச்சட்டம் விலக்கியிருந்தது. கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த இயந்திர விற்பனை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் இதற்கு விளக்கம் தந்தது. தாமே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ ரிக்‌ஷா வாங்குபவர் நுகர்வோரே என்பது அத்தீர்ப்பிலுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேவைகளுக்கும் வணிக விலக்கு வந்தபோது, சுயதொழில் செய்து பிழைப்பவர்களுக்கான பாதுகாப்பும் சேர்க்கப்பட்டது. ஆட்டோ ஓட்டுநருக்கு இது சிறிய செய்தியன்று. அவருடைய வண்டி பட்டறையில் ஒரு வாரம் கூடுதலாக நின்றால் ஒரு வார வருமானம் போகிறது.

சாலையில் நடக்கும் விபத்து

பட்டறையில் விட்ட வாகனம் சாலையில் ஒருவரை மோதினால் என்ன ஆகும்? கோவாவில் நடந்த ஒரு விபத்தில் இக்கேள்வி எழுந்து 1988-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. பழுதுபார்க்க விடப்பட்ட காரைப் பட்டறையைச் சேர்ந்தவர் ஓட்டியபோது ஒருவர் காயமடைந்தார். உரிமையாளரின் காப்பீடு அவ்விபத்தையும் உள்ளடக்கும் என்று நீதிமன்றம் கூறியது. பழுதுபார்ப்பவரிடம் வாகனத்தைக் கொடுப்பவர் அதை அவர் ஓட்டவும் அனுமதிக்கிறார் என்றும், கட்டாயக் காப்பீட்டின் நோக்கம் சாலையில் செல்லும் மூன்றாம் நபரைக் காப்பதே என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. ஆகவே பட்டறையில் விடும் நாளிலும் வாகனத்துக்கு நடப்பில் உள்ள காப்பீடு இருக்க வேண்டியது உரிமையாளருக்கு முக்கியமாகிறது.

'உரிமையாளரின் பொறுப்பில்' என்ற வாசகம்

பல பட்டறைகளின் சுவரிலும் ரசீதின் அடியிலும் ஒரு வாசகம் காணப்படும். வாகனம் உரிமையாளரின் பொறுப்பிலேயே விடப்படுகிறது, திருட்டு, தீ, சேதம் ஆகியவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்பது அதன் சாரம். இந்த வாசகத்தின் மதிப்பை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 14 அன்று அளித்த தாஜ்மகால் ஓட்டல் வழக்குத் தீர்ப்பில் ஆராய்ந்தது.

1998 ஆகஸ்ட் 1 இரவு தில்லியில் அந்த ஓட்டலுக்குச் சென்ற ஒருவர் தம் மாருதி ஜென் காரின் சாவியை வாகனம் நிறுத்தும் ஊழியரிடம் கொடுத்தார். அவர் வெளியே வருவதற்குள் வேறு யாரோ காரை எடுத்துச் சென்றுவிட்டனர். உரிமையாளருக்கு ரூ. 2,80,000 கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அவருடன் சேர்ந்து ஓட்டலின் மீது புகார் செய்தது. நிறுத்தச் சீட்டில் 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று அச்சிட்டிருப்பதை ஓட்டல் காட்டியது. சாவியைப் பெற்றுக்கொண்டதும் ஒப்படைப்பு உறவு தொடங்குகிறது என்றது நீதிமன்றம். விலக்கு வாசகம் இருந்தாலும், இழப்பு தன் கவனக்குறைவால் நேரவில்லை என்று விளக்கும் முதற்பொறுப்பு ஓட்டலுடையதே. தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை அந்த வாசகத்தைக் காட்டிக் கழித்துவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. வழக்கு ஓட்டலைப் பற்றியது என்றாலும் அதன் அடிப்படை ஒப்பந்தச் சட்டத்தின் ஒப்படைப்புப் பிரிவுகளே. சாவியை வாங்கி வைத்துக்கொள்ளும் பட்டறைக்கும் இந்தக் காரணங்கள் பொருந்தக்கூடியவை.

கார் களவுபோன நாளிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை இருபத்தொரு ஆண்டுகள் ஆயின என்பதும் இவ்வழக்கில் கவனிக்க வேண்டியது.

2019-ஆம் ஆண்டுச் சட்டம்

புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்பது அதன் முக்கிய மாற்றம். வெளியூரில் பழுதாகி அங்கேயே சரிபார்த்த வாகனத்துக்காக மீண்டும் அவ்வூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த கட்டணம் ரூ. 50 லட்சத்துக்கு மேற்படாத புகார்களை மாவட்ட ஆணையம் விசாரிக்கிறது. ரூ. 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். சமரசத்துக்கும் வழி செய்யப்பட்டுள்ளது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் செயல்படுகிறது.

செய்த சேவைக்கு ரசீது தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என இச்சட்டம் கூறுகிறது. நுகர்வோரின் உரிமைகளைப் பெரிதும் பாதிக்கும் ஒருதலையான ஒப்பந்தங்களை எதிர்த்து மாநில ஆணையத்தையோ தேசிய ஆணையத்தையோ அணுகவும் இடமளிக்கிறது. புகார்களை மூன்று மாதங்களுக்குள்ளும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களுக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்பது விதி.

பழுதுபார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இக்காலத்தில் பேசப்பட்டது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் தயாரிப்பு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ ரூ. 2,545 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதுபார்ப்புக் கையேடுகளும் கருவிகளும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தன என்பது அந்நிறுவனங்கள் மீதான குற்றச்சாட்டு. இந்த ஆணையை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. உரிய பாகமும் கையேடும் கிடைக்காத சிறு பட்டறையில் வேலை தவறுவதற்கு மெக்கானிக்கின் திறமைக் குறைவு மட்டுமே காரணமாக இருப்பதில்லை என்பதை இந்த வழக்கு வெளிக்கொண்டு வந்தது.

எழுத்துச் சான்றின் இடம்

தகராறு வந்தபின் தீர்ப்பது ஒரு வழி. வராமல் தடுப்பது மற்றொரு வழி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இரண்டாம் வழியைத் தேர்ந்தது. அங்கு 1971-இல் இயற்றப்பட்ட வாகனப் பழுதுபார்ப்புச் சட்டத்தின்படி பட்டறைகள் ஒரு தனி அரசுத் துறையில் பதிவு செய்ய வேண்டும். வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். அதைவிடக் கூடுதல் செலவாகும் என்றால் வாடிக்கையாளரின் ஒப்புதல் பெற வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை அவர் கேட்டால், சில விலக்குகள் நீங்கலாக, திருப்பித் தர வேண்டும்.

இந்தியாவில் இதே வேலையைச் செய்யக்கூடியது 'ஜாப் கார்டு' எனப்படும் வேலைச் சீட்டு. பெரிய சர்வீஸ் மையங்களில் வாகனத்தைப் பெறும்போதே ஓடிய கிலோமீட்டர், எரிபொருள் அளவு, ஸ்டெப்னி, கருவிகள், ஏற்கெனவே உள்ள கீறல்கள் ஆகியவற்றைக் குறித்து இருவரும் கையெழுத்திடுகிறார்கள். தெருமுனைப் பட்டறைகளில் வாய்ப்பேச்சே வழக்கம். ஒப்படைப்புச் சட்டம் உரிமையாளரிடம் கேட்கும் ஒரே பெரிய சான்று, வாகனம் ஒப்படைக்கப்பட்டபோது இருந்த நிலை. அதைக் காட்ட முடியாதபோது நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறுவதற்கே வழியில்லாமல் போகிறது. மூன்று நூற்றாண்டுகளாக வளர்ந்த சட்டம் அவருக்கு உதவாமல் நின்றுவிடுகிறது.

வாகனத்தை விடும்போது நான்கு பக்கமும் மீட்டரையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது, செய்ய வேண்டிய வேலையையும் உத்தேசச் செலவையும் ஒரு தாளிலோ குறுஞ்செய்தியிலோ குறித்துக்கொள்வது, கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குவது, வண்டியை எடுக்கும்போது அங்கேயே சுற்றிப் பார்ப்பது ஆகியவை செலவில்லாத வழிகள். இவை மெக்கானிக்குக்கும் பாதுகாப்பு. முன்பே இருந்த கீறலுக்காக அவர் மீது வீண்பழி வந்தால் அதை மறுக்க அவருக்கும் அதே படமும் அதே சீட்டும்தான் சான்று.